சிவப்பு மையும் கருஞ்சிறுத்தையும்



பள்ளி விடுமுறையில் வீட்டு அலமாரியை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தேன். பழைய பாடக் குறிப்புகளுக்கு நடுவே ஒரு கட்டுரையின் நகல் கிடைத்தது. 2018-ஆம் ஆண்டில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதிய கட்டுரை அது. அதில் நான் சிவப்பு மையால் போட்ட இரண்டு திருத்தங்கள் இன்னும் மங்காமல் இருக்கின்றன. ஒன்று சரியான திருத்தம். மற்றொன்று என் ஆசிரியப் பணியில் நான் செய்த பெரிய பிழை. அந்தப் பிழையை நான் உணர்ந்து திருந்துவதற்கு, மரத்தில் கட்டி வைத்த சிறிய படக்கருவி ஒன்று காரணமாயிற்று. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்து, வெட்கத்தால் தள்ளிப் போட்டு வந்தேன். இனியும் தள்ளிப்போடுவது முறையன்று. மாணவனின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அதற்கான காரணம் இக்கட்டுரையிலேயே விளங்கும்.

அப்போது நான் பகாங் மாநிலத்தின் உட்பகுதியில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றினேன். ஒரு காலத்தில் பால்மரத் தோட்டமாக இருந்து, பின்னர் செம்பனைக்கு மாறிய தோட்டம் அது. பள்ளிக்குப் பின்னால் செம்பனை வரிசைகள். அவற்றைக் கடந்தால் ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால் அடர்ந்த வனக்காப்பகம். நான்காம் ஆண்டில் பதினொரு மாணவர்கள். நானோ நகரத்தில் பிறந்து வளர்ந்தவன். காட்டை மகிழுந்தின் சன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் 'நான் கண்ட அதிசயம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் இரட்டைக் கோபுரத்தைப் பற்றியும் பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தைப் பற்றியும் எழுதினார்கள். ஒரு மாணவன் மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தான். ஆண்டிறுதி விடுமுறையில் அப்பாவோடு உதிரிப் பழம் பொறுக்கச் சென்றபோது, ஓடைக்கரையில் ஒரு கருஞ்சிறுத்தையைப் பார்த்ததாக எழுதியிருந்தான். தூரத்தில் பார்த்தபோது அது முழுக்கக் கறுப்பாக இருந்ததாம். பிறகு இளவெயிலில் வந்து நின்றபோது, அதன் விலாப்புறத்தில் கறுப்புக்குள் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தனவாம்.

நான் சிரித்துவிட்டேன். 'சிருத்தை' என்று எழுதியிருந்த இடத்தில் 'று' என்று திருத்தினேன். புள்ளிகளைப் பற்றிய வாக்கியத்தின் மேல் நீண்ட கோடு ஒன்றைக் கிழித்து, 'கறுப்பில் கறுப்புப் புள்ளி எப்படித் தெரியும்? கற்பனை!' என்று ஓரத்தில் எழுதினேன். அத்தோடு விட்டிருந்தாலும் குற்றம் சிறியதாக இருந்திருக்கும். கட்டுரையை வகுப்பின் முன் உரக்கப் படித்தேன். பிறகு 'புலி வருது, புலி வருது' என்று ஊரை ஏமாற்றிய ஆட்டிடையன் கதையையும் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று மாலைக்குள் 'புலி வருது' என்பதே அவனுடைய பெயராகிவிட்டது.

அதே வாரத்தில் நான் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த திருக்குறள் எது தெரியுமா? யார் வாயிலாகக் கேட்டாலும் அச்சொல்லில் உள்ள உண்மைப் பொருளைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் கூறும் குறள். பொருளை விளக்கினேன், மனனம் செய்யச் சொன்னேன், மறுநாள் ஒப்பிக்கவும் வைத்தேன். அதைப் பின்பற்ற வேண்டியவர்களுள் நானும் ஒருவன் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு அவன் வகுப்பில் கை உயர்த்தவில்லை. அடுத்த கட்டுரை 'என் செல்லப் பிராணி'. அவன் நான்கு வரிகள் மட்டும் எழுதினான். எங்கள் வீட்டில் ஒரு பூனை உள்ளது. அது வெள்ளை நிறம். அது பால் குடிக்கும். அது எனக்குப் பிடிக்கும். அவற்றில் எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. யாரும் ஐயப்படுவதற்கும் ஒன்றுமில்லை. முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, எழுத்து திருந்திவருகிறது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மார்ச் மாதத்தில் அவனுடைய தந்தை என்னைத் தேடி வந்தார். பழம் வெட்டும் தொழிலாளி. வேலை முடிந்து சேற்றுக் காலணியோடு வந்தவர், வகுப்பறைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றார்.

"வாத்தியாரையா, என் மகன் பொய் எழுதவில்லை. அவனோடு நானும்தான் பார்த்தேன்."

"அப்படியானால் நீங்கள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் அது உயிரோடு இருக்குமா ஐயா? நாலு பேர் காதில் விழுந்தால் போதும். அடுத்த வாரமே கம்பிக் கண்ணியோடு ஆள் வந்துவிடும். யாரிடமும் வாய் திறக்காதே என்று பையனிடமும் கண்டித்துச் சொல்லியிருந்தேன். வாத்தியாரிடம் மட்டும் சொல்லலாம் என்று நினைத்து எழுதிவிட்டான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆயினும் அந்தக் கடைசி வாக்கியம் என்னை நெடுநேரம் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டது. ஒரு பிள்ளை என்னை நம்பி ஒப்படைத்த இரகசியத்தை நான் வகுப்பில் வேடிக்கைப் பொருளாக்கிவிட்டேன்.

அன்றிரவு இணையத்தில் கருஞ்சிறுத்தையைப் பற்றித் தேடினேன். முதலில் தெரிந்து கொண்டது, கருஞ்சிறுத்தை என்பது தனி விலங்கினம் அன்று என்பது. சாதாரணச் சிறுத்தையே மரபணுக் காரணத்தால் கறுத்துப் பிறக்கிறது. உலகின் மற்ற பெரும்பாலான பகுதிகளில் இது அரிது. ஆனால் கிரா பூசந்திக்குத் தெற்கே, அதாவது நம் தீபகற்பத்தில், ஏறக்குறைய எல்லாச் சிறுத்தைகளும் கறுப்பாகவே இருக்கின்றன. மலாய்க்காரர்கள் இதை 'ஹரிமாவ் கும்பாங்' என்று அழைக்கிறார்கள். கும்பாங் என்றால் வண்டு. வண்டின் கறுப்பையும் பளபளப்பையும் பார்த்தவர்கள் வைத்த பெயர்.

அடுத்துப் படித்தது என்னைச் சுட்டது. கருஞ்சிறுத்தையின் தோலில் புள்ளிகள் அழிவதில்லை. கறுப்புக்குள் மறைந்து இருக்கின்றன. வெளிச்சம் சாய்வாக விழுந்தால் கண்ணுக்கே தெரியும். திரங்கானு மாநிலத்தில் ஆய்வு செய்த அறிவியலாளர்கள் இதையே ஒரு வழியாகப் பயன்படுத்தினார்கள். புலிகளை அவற்றின் வரிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக அடையாளம் காண முடியும். கருஞ்சிறுத்தைகளோ படத்தில் ஒரே கரிய உருவமாக விழுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியாமல் இருந்தது. தானியங்கிப் படக்கருவிகளின் ஒளி உணரியை அவர்கள் மூடி மறைத்தார்கள். பகலிலும் இரவு என்று எண்ணிக்கொண்டு அக்கருவிகள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சின. அந்த ஒளியில் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று சிறுத்தைகள் அங்கு வாழ்கின்றன என்று கணித்து, 2015-ஆம் ஆண்டில் ஆய்வை வெளியிட்டார்கள். அறிவியலாளர்கள் கருவி கொண்டு கண்டதை என் மாணவன் ஓடைக்கரையில் வெறுங்கண்ணால் கண்டிருக்கிறான். நான் அதன் மேல் கோடு கிழித்திருக்கிறேன்.

இத்தகைய படக்கருவிகளைப் பற்றித் தொடர்ந்து படித்தபோது, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. அந்த நகரின் நடுவே கிரிஃபித் பூங்கா என்னும் மலைப்பாங்கான பூங்கா உள்ளது. ஹாலிவுட் என்னும் பெரிய எழுத்துகள் அதன் அருகிலேயே இருக்கின்றன. அங்கு வாழும் சிறு விலங்குகளை அறிவதற்காக மிகேல் ஓர்டெனியானா என்னும் உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் படக்கருவிகளை வைத்திருந்தார்கள். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவற்றில் ஒரு மலைச்சிங்கம் பதிவாகியிருந்தது. மலைச்சிங்கம் என்பது பூமா. பெயரில் சிங்கம் இருந்தாலும் அது கர்ச்சிக்காது. பூனையைப் போல உறுமும். இலட்சக்கணக்கான வாகனங்கள் ஓடும் இரண்டு நெடுஞ்சாலைகளைக் கடந்துதான் அது அங்கு வந்திருக்க வேண்டும். ஆய்வாளர்கள் அதற்குப் பி-22 என்று பெயரிட்டார்கள். ஸ்டீவ் வின்டர் என்னும் நிழற்படக் கலைஞர் ஓராண்டுக்கு மேலாகத் தானியங்கிக் கருவியை வைத்துக் காத்திருந்து, ஹாலிவுட் எழுத்துகளின் பின்னணியில் அதைப் படம் பிடித்தார். 2013 டிசம்பரில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வெளிவந்த அப்படம் உலகையே வியக்க வைத்தது.

அவ்வளவு பெரிய நகரத்தின் நடுவில் ஒரு மலைச்சிங்கம் ஒளிந்து வாழ முடிகிறது. காட்டின் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஓடைக்கரையில் ஒரு சிறுத்தை வாழ முடியாது என்று நான் எதைக் கொண்டு தீர்ப்பெழுதினேன்?

மறுநாள் காலையிலேயே வகுப்பில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் துணிவு வரவில்லை. முதலில் சான்று கிடைக்கட்டும் என்று என் மனத்திற்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். ஏறக்குறைய முந்நூறு வெள்ளிக்கு இணையத்தின் வழி ஒரு படக்கருவி வாங்கினேன். தலைமையாசிரியரிடமும் தோட்ட நிர்வாகியிடமும் அனுமதி பெற்று, அறிவியல் கழகத்தின் நடவடிக்கையாக அதைத் தொடங்கினேன். எங்கே வைப்பது என்று அவனிடமும் அவன் தந்தையிடமுமே கேட்டேன். ஓடைக்கு இந்தப் பக்கம், தோட்ட எல்லைக்குள்ளேயே ஓர் இடத்தைக் காட்டினார்கள்.

கருவியின் செயல்முறை எளிது. அதன் முகப்பில் வெப்பத்தை உணரும் ஓர் உணரி இருக்கிறது. சுற்றுப்புறத்தைவிட வெப்பம் மாறுபட்ட ஓர் உடல் அதன் முன்னால் அசைந்தால், உணரி கருவியை எழுப்பிவிடும், படம் பதிவாகும். இரவில் கண்ணைக் கூசவைக்கும் மின்னொளிக்குப் பதிலாக அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தும். மனிதன் அங்கே காத்திருக்கத் தேவையில்லை. இந்த எண்ணம் நூறாண்டுகளுக்கும் மேல் பழமையானது. ஜார்ஜ் ஷைராஸ் என்னும் அமெரிக்கர் விலங்குகளின் கால் கம்பியில் தட்டும்போது படம் விழுமாறு அமைத்து, இரவில் எடுத்த படங்களை 1906-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இந்தியாவில் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சேம்பியன் 1920-களில் அம்முறையில் புலிகளைப் படமெடுத்தார். 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் உல்லாஸ் கரந்த், புலியின் வரிகளைப் படங்களில் ஒப்பிட்டு எண்ணிக்கையைக் கணிக்கும் முறையை நிலைநாட்டினார். ஒரு புலியின் வரிகளைப் போல மற்றொரு புலிக்கு இருப்பதில்லை. நம் கைரேகையைப் போன்றது அது.

எங்கள் முதல் வார முயற்சி படுதோல்வி. நினைவு அட்டையைக் கணினியில் போட்டுப் பார்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அத்தனையும் வெயிலில் காய்ந்து காற்றில் ஆடும் லாலான் புல். பிள்ளைகள் சலிக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடைசியில் ஓர் உருவம் தெரிந்தது என்று கூச்சலிட்டார்கள். அது மிதிவண்டியில் போன எங்கள் பள்ளிக் காவலர். இரண்டாம் வாரம் கருவி கிழக்கு நோக்கி இருந்ததால் காலைப் படங்கள் எல்லாம் வெளுத்துப் போயின. மூன்றாம் வாரம் எறும்புகள் கருவிக்குள் குடியேறின. அதன் பிறகு புல்லை வெட்டினோம். கருவியை வடக்கு நோக்கித் திருப்பினோம். முழங்கால் உயரத்திற்கு இறக்கிக் கட்டினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பெற்றோர்களும் நானும் உடன்வர, பட்டப்பகலில் மட்டும் சென்று அட்டையை மாற்றி வந்தோம்.

பிறகு விலங்குகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. காட்டுப்பன்றிக் குடும்பம் குட்டிகளோடு வரிசையாகப் போயிற்று. முள்ளம்பன்றி, மரநாய், சருகுமான் எல்லாம் வந்தன. குரங்கொன்று கருவிக்குள் எட்டிப் பார்த்துத் தன் மூக்கை மட்டும் படமெடுத்துக் கொண்டது. ஒருநாள் நள்ளிரவில் முன்பாதி கறுப்பும் பின்பாதி வெள்ளையுமாகத் தாப்பிர் நடந்து போனது. நாள், நேரம், விலங்கின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைக்க ஒரு பேரேடு தொடங்கினோம். பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் எழுத வேண்டும் என்பது விதி. பேரேட்டை எழுதும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். அவன் மிகக் கவனமாக எழுதினான். ஆனால் பேசவில்லை.

அடிக்கடி பதிவானது சிறுத்தைப் பூனை. வீட்டுப் பூனை அளவே இருக்கும், உடலெங்கும் புள்ளிகள். செம்பனைத் தோட்டத்து எலிகளே அதற்கு உணவு. அமெரிக்க மலைச்சிங்கம் பி-22 பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். 2014-ஆம் ஆண்டில் அதைப் பிடித்துச் சோதித்தபோது, தோல்நோயால் மெலிந்து, இரத்தத்தில் எலி நஞ்சும் கலந்திருந்தது தெரியவந்ததையும் சொன்னேன். "அப்படியானால் நம் தோட்டத்தில் எலிக்கு வைக்கும் மருந்து இந்தப் பூனைக்குள்ளும் போகுமா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எந்தப் பாடநூலும் அந்தக் கேள்வியை அவளிடமிருந்து வரவழைத்திருக்காது. எலி பிடிக்கும் கூகைகளுக்காகச் செம்பனைத் தோட்டங்களில் கூண்டு வைக்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு என்பதை அன்று எல்லாருமாகத் தேடிப் படித்தோம்.

ஏப்ரல் போயிற்று, மே, ஜூன் போயின. சிறுத்தை மட்டும் வரவில்லை.

ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பேரேட்டை என் மேசையில் வைத்துவிட்டு அவன் அங்கேயே நின்றான்.

"ஐயா, படம் வராமலேயே போய்விட்டால், நான் பொய் சொன்னதாகத்தானே ஆகிவிடும்?"

எனக்கு மறுமொழி சொல்ல நா எழவில்லை. மூன்று மாதங்களாக நான் சிறுத்தையைத் தேடிக் கொண்டிருப்பதாக நினைத்தேன். அவனோ, தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக நினைத்துக் கொண்டிருந்திருக்கிறான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அட்டையைக் கணினியில் போடும்போது அவன் முகம் இறுகியதற்கு அதுவே காரணம்.

கருவியில் படம் விழவில்லை என்பதால் விலங்கு அங்கே இல்லை என்று பொருளாகாது. ஆய்வாளர்கள் இதை நன்கு அறிவார்கள். கருவி ஒரு மரத்திலிருந்து ஒரு திசையைப் பார்க்கிறது. விலங்கு பத்தடி தள்ளிப் போனாலும் அதற்குத் தெரியாது. அதனால்தான் அவர்கள் பல கருவிகளைப் பல நாள் வைத்து, கண்ணுக்குத் தப்பியவை எத்தனை இருக்கும் என்பதையும் கணக்கிட்டே எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். காணாததை இல்லை என்று சொல்லும் துணிவு அவர்களுக்குக் கிடையாது. அந்தத் துணிவு எனக்கு மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை காலை வகுப்பில் எல்லாரையும் அமரச் செய்துவிட்டு நான் எழுந்து நின்றேன். "பிப்ரவரி மாதத்தில் உங்கள் நண்பன் எழுதிய கட்டுரை உண்மை. கறுப்பில் கறுப்புப் புள்ளி தெரியும் என்று அவன் எழுதியதும் சரி. எனக்குத் தெரியாத ஒன்றை நான் பொய் என்று சொல்லிவிட்டேன். அவனை நீங்கள் கேலி செய்ததற்கும் நானே காரணம். அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். வகுப்பில் ஓர் ஒலியும் இல்லை. ஒரு மாணவன் மட்டும் மெல்ல எழுந்து, "படம் இன்னும் வரவில்லையே ஐயா?" என்று கேட்டான். "படம் வராவிட்டாலும் சரி" என்றேன்.

அவனுடைய கட்டுரைப் புத்தகத்தை வாங்கி, நான் கிழித்த கோட்டின் அருகே 'இவ்வாக்கியம் சரி. திருத்தியது ஆசிரியரின் பிழை' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அவன் அதைப் படித்தான். கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "ஐயா, அந்தச் 'சிறுத்தை'யில் வரும் 'று' மட்டும் என்னுடைய பிழைதான்" என்றான். ஐந்து மாதங்களில் அன்றுதான் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தப் பக்கத்தின் நகலைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன்.

படமும் வந்தது. செப்டம்பர் மாதத்தில், அதிகாலை மூன்று மணிக்குப் பதிவாகியிருந்தது. அகச்சிவப்பு ஒளியில் எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரிந்தது. நீண்ட வால், தாழ்ந்த தலை, விலாவெங்கும் பூப்பூவாய்ப் புள்ளிகள். கணினித் திரையின் முன் பதினொரு தலைகள் முட்டி மோதின. அவன் மட்டும் பின்னால் நின்று, பேரேட்டைத் திறந்து நாளையும் நேரத்தையும் எழுதிக் கொண்டிருந்தான். விலங்கின் பெயரை எழுதும் இடத்தில் 'று' சரியாகவே இருந்தது.

அந்தப் படத்தை இங்கு வெளியிடும்படி அப்போதே சில நண்பர்கள் கேட்டார்கள். வெளியிடவில்லை, இனியும் வெளியிட மாட்டேன். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதைக் குற்றம் என்று சொன்னாலும், நம் காடுகளில் கண்ணிகள் ஓயவில்லை. 2016 முதல் 2020 வரை நடத்தப்பட்ட முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில், நம் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பது தெரியவந்தது. நம் நாட்டுச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் விலங்கின் நிலை அது. 'புலி வருது' என்று சொன்னால் ஊரே சிரிக்கும் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொண்டிருக்கிறோம். உண்மையில் புலி வருவதே நின்றுவிடும் நிலையில் இருக்கிறது. அந்தத் தந்தை காத்த இரகசியத்தை நானும் காக்கிறேன்.

இம்முயற்சியைத் தங்கள் பள்ளியில் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

1. நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி பெறுங்கள். வனக்காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள்.

2. கருவியை முழங்கால் உயரத்தில், வடக்கு அல்லது தெற்கு நோக்கிக் கட்டுங்கள். முன்னால் உள்ள புல்லையும் கிளைகளையும் அகற்றுங்கள்.

3. விலங்குகளை வரவழைக்க உணவு வைக்காதீர்கள். அது விலங்குக்கும் கேடு. தோட்டத்து மக்களுக்கும் கேடு.

4. மாணவர்களைப் பகலில், பெரியவர்களின் துணையோடு மட்டும் அழைத்துச் செல்லுங்கள்.

5. படத்தில் மனிதர்கள் விழுந்தால் அழித்துவிடுங்கள். அரிய விலங்கு விழுந்தால் இடத்தை இணையத்தில் எழுதாதீர்கள். வனவிலங்குத் துறையிடம் மட்டும் தெரிவியுங்கள்.

பி-22 என்னும் அந்த மலைச்சிங்கம் பத்தாண்டு காலம் அந்தப் பூங்காவிலேயே தனியாக வாழ்ந்து, முதுமையும் காயமும் நோயும் சேர்ந்த நிலையில் 2022 டிசம்பரில் கருணைக்கொலை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடப்பதற்காக அந்நகருக்கு அருகில் ஒரு பெரும் பாலத்தின் கட்டுமானப் பணி தொடங்கியிருந்தது. செய்தியைப் படித்தபோது என் மாணவனுக்கு அதை அனுப்பி வைத்தேன். அப்போது அவன் இடைநிலைப்பள்ளியில் படித்துக் கொண்டிருந்தான். 'பாவம் ஐயா. ஆனால் அதை எல்லாரும் நம்பினார்கள்' என்று மறுமொழி அனுப்பினான். அதை நான் பலமுறை படித்தேன்.

ஆசிரிய நண்பர்களே, நம் கையில் உள்ள சிவப்பு மைக்கு எழுத்துப்பிழையைத் திருத்தும் உரிமை உண்டு. பிள்ளை கண்ணால் கண்டதைத் திருத்தும் உரிமை அதற்கு இல்லை. நம்பமுடியாத ஒன்றை ஒரு பிள்ளை எழுதி வந்தால், கோடு கிழிப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கே பார்த்தாய்? எப்போது பார்த்தாய்? பிறகு என்ன ஆயிற்று? கற்பனையாக இருந்தால் ஒரு நல்ல கதை கிடைக்கும். உண்மையாக இருந்தால் நாம் ஒன்றைக் கற்றுக்கொள்வோம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை திடீரென்று நான்கு வரிகளில் கட்டுரையை முடிக்கத் தொடங்கினால், அதன் காரணத்தை எங்களிடம் வந்து கேளுங்கள். அந்தத் தந்தையைப் போல வாசலில் நின்றாவது கேளுங்கள்.